வாய் மட்டும் தெரிந்த பதினொரு வினாடிகள்

மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள சுங்கை சிப்புட்டில் ஒரு சனிக்கிழமை இரவு, நான் எடுத்த இருபத்திரண்டு நிமிட ஆவணப்படத்தை ஊர் மண்டபத்தில் திரையிட்டோம். முப்பது ஆண்டுகளுக்கு மேல் ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டிப் பால் எடுத்த ஓர் ஆயாவின் வாழ்க்கைதான் படம். தொடக்கத்தில் அவருடைய முகம் வராது, கை வராது, தோட்டமும் வராது. திரையின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை வாய் மட்டும். வெற்றிலைச் சிவப்பு ஊறிய உதடுகள், மேல்வரிசையில் மிஞ்சியிருக்கும் இரண்டு பற்கள், உதட்டைச் சுற்றி இறங்கும் கோடுகள். பதினொரு வினாடிகள் அவர் பேசுவார். பிறகு தலைப்பு வரும்.

படம் முடிந்ததும் கைதட்டினார்கள். ஆனால் அந்தப் பதினொரு வினாடிகளில் மண்டபத்தில் நடந்ததை நான் பக்கவாட்டில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். சிறுவர்கள் முகம் சுளித்தார்கள். ஒருவன் உரக்கவே, "சிகரெட் பெட்டியில் இருக்கிற படம்!" என்றான். பெண்கள் சிலர் தலையைக் குனிந்துகொண்டார்கள். பின்வரிசையிலிருந்து, "பேச்சு விளங்கவில்லை, சத்தத்தைக் கூட்டு" என்று குரல் வந்தது. கூட்டினேன். அப்போதும் விளங்கவில்லை என்றார்கள். ஆயாவோ படம் முடிந்தபின் தேநீர்கூட வாங்கிக்கொள்ளாமல், என்னிடம் ஒரு வார்த்தையும் பேசாமல், பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

கல்யாண வீடுகளிலும் கோயில் திருவிழாக்களிலும் படம் பிடித்துப் பிழைப்பவன் நான். ஒரு காட்சி எடுபடாமல் போவது எனக்குப் புதிதல்ல. ஆனால் ஆயா பேசாமல் போனது என்னைத் தூங்கவிடவில்லை. அந்தக் காட்சி ஒவ்வோர் அடுக்கிலும் எங்கே தவறியது என்று தேடியதில் ஒரு மாதம் போனது. கேமராவோடு தங்கள் தாத்தா பாட்டியின் முன் உட்காரப்போகிற இளையவர்களுக்குப் பயன்படும் என்பதால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

வாயைத் தேர்ந்தெடுத்த காரணம்

சுங்கை சிப்புட் என்றதும் வரலாறு படித்தவர்களுக்கு 1948 ஜூன் 16 நினைவுக்கு வரும். அன்று இங்குள்ள தோட்டங்களில் மூன்று ஐரோப்பிய நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதைத் தொடர்ந்து மலாயா முழுவதும் அவசரகாலம் வந்தது. 1960 வரை நீடித்தது. கொல்லப்பட்ட மூவரின் பெயர்களும் புத்தகங்களில் இருக்கின்றன. அதே விடியலில் பிரட்டுக்கு, அதாவது காலை ஆள்கணக்குக்கு, நின்று பேர் கொடுத்துவிட்டு, விளக்கைக் கட்டிக்கொண்டு மரத்துக்கு மரம் ஓடியவர்கள் அன்று மாலை லயத்து வரிசை வீடுகளின் திண்ணையில் என்ன பேசிக்கொண்டார்கள் என்பதை நான் எங்கும் படித்ததில்லை.

பழைய தோட்டப் புகைப்படங்களில் நம்மவர்கள் வாளியோடு நிற்கிறார்கள், உளியோடு குனிகிறார்கள், தோட்டக் கணக்கரான கிராணியின் பின்னால் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். எல்லாருடைய வாயும் மூடியிருக்கிறது. என் கண்ணில் பட்ட படங்களில் ஒருவர்கூடப் பேசிக்கொண்டிருக்கவில்லை. வாய்மொழி வரலாறு என்று சொல்கிறோமே, அந்த வாயையே முதலில் காட்டிவிட வேண்டும் என்ற ஆசை எனக்கு அங்கிருந்துதான் வந்தது. அந்த ஆசையில் பிழையிருந்ததாக இன்றும் நான் நினைக்கவில்லை.

எடுத்த விதம்

மிக அண்மைக் காட்சி என்று சொல்வது எளிது. எடுத்துப் பார்த்தவர்களுக்குத்தான் அதன் பாடு தெரியும். நான் பயன்படுத்தியது 100 மில்லிமீட்டர் மேக்ரோ லென்ஸ். சட்டகத்துக்குள் அடங்கியது ஏறக்குறைய ஒன்பது சென்டிமீட்டர் அகலம். லென்ஸின் திறப்பை 4-இல் வைத்திருந்தேன். அந்த நெருக்கத்தில், அந்தத் திறப்பில், தெளிவாக விழும் ஆழம் இரண்டு மில்லிமீட்டர் அளவுதான். உதட்டின் விளிம்பு தெளிவாக இருந்தால் அதற்குப் பின்னால் இருக்கும் பல் மங்கிவிடும்.

பேசாத உதட்டை இரண்டு மில்லிமீட்டருக்குள் நிறுத்திவிடலாம். தமிழ் பேசுகிற உதடு நிற்குமா? உ, ஊ, ஒ, ஓ, ஔ ஆகிய ஐந்தும் "இதழ் குவிந்து" பிறப்பவை என்று தொல்காப்பியத்தின் பிறப்பியல் சொல்கிறது. பள்ளியில் அதை மனப்பாடம் செய்தேன். அதன் பொருள் கேமராவின் சிறு திரையைப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. ஆயா 'ஊற்றி' என்று தொடங்கும்போதெல்லாம் உதடு லென்ஸை நோக்கிக் குவிந்து வந்து மங்கியது. 'ஆ' என்றதும் பின்வாங்கித் தெளிந்தது. ஒவ்வொரு ஊகாரத்துக்கும் படம் கண் சிமிட்டியது போல இருந்தது.

திறப்பைக் குறைத்து 11-க்குக் கொண்டுபோனால் (எண் கூடினால் திறப்பு சுருங்கும்) ஆழம் ஐந்தாறு மில்லிமீட்டராகும். அதற்கு வெளிச்சம் பல மடங்கு வேண்டும். ஆகவே எல்.ஈ.டி. விளக்கை அவர் முகத்துக்கு ஒரு முழத் தொலைவில் கொண்டுவந்து வைத்தேன். தலை அசையக் கூடாது என்று நாற்காலியைச் சுவரோடு சேர்த்துப் போட்டு, பின்தலைக்கு ஒரு தலையணையும் கொடுத்தேன். எண்பது வயதைத் தாண்டிய ஒருவரைச் சுவருக்கும் லென்ஸுக்கும் நடுவில் நிறுத்திவைத்திருந்தேன் என்பது இதை எழுதும்போதுதான் முழுதாக எனக்குத் தெரிகிறது. அன்று என் கண்ணெல்லாம் அந்த ஆழக் கணக்கின் மேலேயே இருந்தது.

கடைசியில் தெளிவாக அமைந்த ஒரே துண்டு, வாசலில் செம்பனைக் குலை ஏற்றிய லாரி போன நேரத்தில் எடுத்தது. படம் கண்ணாடி போல இருந்தது. ஒலியில் லாரி உறுமியது. அதற்கு முந்தைய நாள், கேமரா இல்லாமல், அவர் குரலை மட்டும் நல்ல மைக்கில் பதிவு செய்திருந்தேன். அதில் பால் எடுக்கும் வேலையைப் பற்றி அவர் சொன்ன இரண்டு மூன்று வாக்கியங்களை எடுத்து இந்த வாயின் மேல் ஒட்டினேன். உதடு திறக்கிற இடத்தில் பேச்சும் தொடங்கும்படி பார்த்துக்கொண்டேன். வீட்டில், கைக்கடக்கமான மடிக்கணினித் திரையில் பார்த்தபோது எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை.

திரையின் அளவு

பேசாதபோது மனித வாயின் அகலம் ஐந்து சென்டிமீட்டர் அளவு. கைப்பேசியில் வாய் மட்டும் வரும் காட்சியைப் பார்க்கும்போது அது ஏறக்குறைய உண்மை அளவிலேயே இருக்கிறது. ஒருவர் நம் எதிரில் உட்கார்ந்து பேசுவது போல. பற்பசை விளம்பரமும், உதட்டுச்சாய விளம்பரமும், சாப்பிடுவதை நெருங்கிக் காட்டும் காணொளிகளும் சிறு திரையில் கண்ணை உறுத்தாததற்கு இது ஒரு காரணம்.

மண்டபத்தில் நாங்கள் கட்டிய வெள்ளைத் துணியின் அகலம் மூன்று மீட்டர். அதில் ஆயாவின் வாய் ஒன்றரை மீட்டருக்கும் மேல் விரிந்தது, முப்பது மடங்குக்கும் மேல். பாயில் உட்கார்ந்திருந்த ஐந்து வயதுக் குழந்தைகளை விடப் பெரிய வாய். மடியில் வைத்து வெட்டியதை மண்டபத்தில் ஒரு முறையாவது ஓட்டிப் பார்க்காதது வேலையில் நான் செய்த சோம்பல்.

சிகரெட் பெட்டி என்று கத்திய சிறுவனை அவன் அம்மா அதட்டினார். அவன் சொன்னதில் தவறில்லை. மலேசியாவில் 2009 முதல் சிகரெட் பெட்டிகளில் எச்சரிக்கைப் படங்கள் கட்டாயம். தொடக்கத்தில் வந்த ஆறு படங்களில் ஒன்று வாய்ப் புற்றுநோய். நம் ஊர்க் கடைகளின் கல்லாவுக்குப் பின்னால் அந்த வாய் ஆண்டுக்கணக்காக வரிசை வரிசையாக நின்றது. கண்ணும் மூக்கும் வெட்டப்பட்டு வாய் மட்டும் பெரிதாக வந்தால் அது நோயின் படம் என்று இந்த நாட்டுப் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லாமலே பாடமாகியிருக்கிறது. அதில் சிவப்பும் சேர்ந்துகொண்டது. பாக்கில் இருக்கும் துவர்ப்புச் சத்து சுண்ணாம்போடு சேரும்போதுதான் அந்தச் சிவப்பு வருகிறது. நமக்கு அது பாட்டியின் நிறம், தாம்பூலத்தின் நிறம். அந்தச் சிறுவனுக்கு அது இரத்தம்.

அவனுடைய அச்சத்தை அறியாமை என்றும் ஒதுக்கிவிட முடியாது. புகையிலை சேர்க்காத வெற்றிலைப் பாக்கும் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-இல் வகைப்படுத்தியது. மலேசியாவில் வாய்ப் புற்றுநோய் மக்கள்தொகை விகிதத்தை மீறி இந்தியர்களிடம், அதிலும் பெண்களிடம், காணப்படுகிறது. தோட்டத்து வெற்றிலைப் பழக்கம் அதற்கு முக்கியக் காரணம். பல் மருத்துவர் வாய்க்குள் விளக்கடித்து வெள்ளைத் திட்டும் சிவப்புத் திட்டும் தேடுவதும் ஒரு மிக அண்மைக் காட்சிதான். அந்தக் காட்சியால் ஓர் உயிர் பிழைக்கலாம். (ஆயா கிளினிக்கில் வாயைக் காட்டி, ஒன்றுமில்லை என்று தெரிந்துகொண்டவர். வெற்றிலையை விடச் சொன்னார்களாம், பாதி விட்டிருக்கிறார்.) மருத்துவர் பார்க்கிற சட்டகத்தையே நான் எடுத்துக்கொண்டு வரலாறு என்று பெயர் வைத்தேன். பார்த்தவர்கள் நோயாளியைப் பார்த்தார்கள்.

முன்வரிசைப் பெரியவர்

இந்த ஆய்வில் எனக்கு மிக முக்கியமான இடம் இது.

படம் முடிந்து நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது முன்வரிசையில் இருந்த ஒரு பெரியவர் என்னிடம் வந்தார். செம்பனை ஆலையில் கொதிகலன் பக்கம் பல ஆண்டுகள் வேலை செய்து காது போனவர். எதிரில் இருப்பவரின் வாயைப் பார்த்துத்தான் பேச்சைப் புரிந்துகொள்வார். அவர் என் தோளைத் தொட்டு, "தம்பி, கீழே ஓடுகிற எழுத்து வேறு, அந்த அம்மா சொல்வது வேறு" என்றார்.

படத்துக்குத் தமிழில் எழுத்தோட்டம் போட்டிருந்தேன். "மங்கைத் துடைத்து, பாலை வாளியில் ஊற்றி, வாளி நிரம்பினால் காண்டா போட்டுத் தூக்குவோம்" என்பது அதில் ஓடிய வாக்கியம். மங்கு என்பது மரத்தில் பால் வடியும் கிண்ணம், காண்டா என்பது வாளிகளைத் தோளில் தூக்கும் கம்பு; தோட்டத்தை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பெரியவர் விரலை மடக்கிக் கணக்குக் காட்டினார். மங்கு என்றால் உதடு ஒட்ட வேண்டும். பால் என்றால் ஒட்ட வேண்டும். நிரம்பினால், போட்டு, அங்கேயும் ஒட்ட வேண்டும். "அந்த அம்மா வாய் ஒட்டவே இல்லை. 'யாதனின் யாதனின்' குறள் சொல்வது போலப் பேசுகிறார்" என்றார்.

அவர் சொன்னது 341-ஆம் குறள். யாதனின் யாதனின் நீங்கியான் நோதல் அதனின் அதனின் இலன். முழுக்குறளையும் உதடு ஒட்டாமல் சொல்லிவிடலாம். அவர் படித்த தோட்டப் பள்ளியில் ஆசிரியர் உதட்டில் விரல் வைத்துச் சொல்லச் சொல்வாராம். காது போனபின் வாழ்நாள் முழுவதும் அந்தப் பாடமே அவருக்குச் செவியாக இருக்கிறது.

"இதழ் இயைந்து பிறக்கும் பகார மகாரம்." ப, ம இரண்டுக்கும் உதடு சேர்ந்தே ஆக வேண்டும் என்று தொல்காப்பியர் அரைவரியில் சொல்லிவிட்டார். பேச்சுத் தமிழில் சொல்லின் இறுதியில் வரும் மகரம் பெரும்பாலும் மூக்கோசையாகக் கரைந்துவிடும். 'தூக்குவோம்' என்பதன் முடிவில் உதடு ஒட்டாமல் போகலாம். அதைக் கழித்தாலும் என் வாக்கியத்தில் நான்கு இடங்களில் ஒட்டுதல் இருந்தாக வேண்டும். க, ங, ட, ண, ள எல்லாம் வாய்க்குள்ளே நடக்கிற வேலை. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அவற்றைப் பிரித்தறிவது அரிது. ப, ம மட்டும் ஊரறிய நடப்பவை. மிக அண்மைக் காட்சியில் அவை ஒன்றரை மீட்டருக்கும் மேலான அகலத்துக்கு நடக்க வேண்டும். நடக்கவில்லை.

பின்வரிசைக்காரர்களுக்குப் பேச்சு விளங்காததற்கும் இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். ஹாரி மெக்கர்க், ஜான் மெக்டொனால்ட் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1976-இல் 'நேச்சர்' இதழில் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். காதுக்கு 'பா' என்ற ஒலி, கண்ணுக்கு 'கா' என்று சொல்லும் வாய். பார்த்தவர்களில் பெரும்பாலான பெரியவர்களுக்குக் கேட்டது இரண்டும் இல்லாத 'டா' போன்ற ஓர் ஒலி. கண்ணை மூடிக்கொண்டால் 'பா' சரியாகக் கேட்டது. நாம் காதால் மட்டும் கேட்பதில்லை; வாயைப் பார்த்தும் கேட்கிறோம். உதடு ஒட்டாத வாயின் மேல் நான் 'பால்' என்ற சொல்லை ஒட்டினேன். கூட்டத்தின் காதில் அது குழைந்தது. ஒலிபெருக்கியைக் கூட்டி என்ன பயன்?

நேர ஒழுங்கைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒலி படத்தைவிட 45 மில்லி வினாடி முந்தினாலோ 125 மில்லி வினாடி பிந்தினாலோ மக்கள் உணரத் தொடங்குகிறார்கள் என்பது பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரையில் உள்ள கணக்கு. வினாடிக்கு 25 சட்டகம் என்றால் ஒரு சட்டகம் 40 மில்லி வினாடி. ஒலியை ஒரு சட்டகம் முன்னே தள்ளிவிட்டாலே எல்லையை நெருங்கிவிடுவோம். முழு ஆளும் தெரியும் தூரக் காட்சியில் இந்தப் பிழை மறைந்துபோகும். வாய் மட்டும் தெரியும்போது மறைய இடமே இல்லை. புரூஸ் நவ்மன் என்ற அமெரிக்கக் கலைஞர் 1969-இல் தன் வாயைத் தலைகீழாக, மிக அருகில் படம் பிடித்து, ஒலியைச் சேரவும் விலகவும் விட்டுப் படைப்பாகவே ஆக்கினார். அவர் தெரிந்து செய்தார். நான் மறைக்கப் பார்த்தேன்.

ஆயா உண்மையில் சொன்னது

பெரியவர் போனபின் அன்றிரவே மூலப்பதிவைத் தேடி எடுத்தேன். லாரி ஓசையைக் குறைக்கும் வழிகளையெல்லாம் செய்துவிட்டு ஹெட்போனில் கேட்டேன். நாலைந்து முறை கேட்டபின் சொல் பிடிபட்டது.

"கண் கூசுகிறது ஐயா, தள்ளி எடு. கண் கூசுகிறது."

பகரமும் இல்லை, மகரமும் இல்லை. உதடு ஒட்டாததில் வியப்பில்லை. விளக்கைத் தள்ளிவைக்கச் சொல்லி அவர் என்னிடம் கேட்டிருக்கிறார். லாரியின் இரைச்சலில் எனக்குக் கேட்கவில்லை. நான் சட்டகத்துக்குள் வாயை மட்டும் வைத்திருந்ததால், கூசிச் சுருங்கிய அவருடைய கண்ணும் எனக்குத் தெரியவில்லை. அந்த வேண்டுகோளின் ஒலியை எடுத்துவிட்டு, அதன் மேல் பால் வாளியை ஏற்றி, ஊரைக் கூட்டிக் காட்டியிருக்கிறேன். தம் வாயில் தாம் சொல்லாத சொல் வருவதைப் பார்த்துத்தான் ஆயா எழுந்து போனார் என்று அப்போது நினைத்தேன். அவருடைய காரணம் வேறாக இருந்தது.

மற்றவர்கள் வாயைக் காட்டிய விதம்

இதன்பிறகு வாய் மட்டும் வரும் பழைய காட்சிகளைத் தேடிப் பார்த்தேன். எல்லாவற்றையும் இங்கே சொல்லப்போவதில்லை.

திரைப்படம் பிறந்த ஐந்தாறு ஆண்டுகளுக்குள்ளேயே இந்தக் காட்சி வந்துவிட்டது. ஜேம்ஸ் வில்லியம்சன் என்ற பிரிட்டிஷ்காரர் 1901-இல் எடுத்த 'தி பிக் ஸ்வாலோ' ஒரு நிமிட அளவுள்ள படம். தன்னைப் படம் பிடிப்பதை விரும்பாத ஒருவர் பேசிக்கொண்டே கேமராவை நெருங்கி வருகிறார். வாய் பெரிதாகி, திரையை நிறைத்து, இருளாகிறது. கேமராவும் படக்காரரும் அதற்குள் விழுகிறார்கள். அவர் மென்றுகொண்டே பின்வாங்குகிறார். வேடிக்கைப் படம்தான். என்னை எடுக்காதே என்று சொல்கிற மனிதரிடமிருந்து தொடங்குகிறது இந்தக் காட்சியின் வரலாறு என்பதை அந்த வாரத்தில் என்னால் சிரித்துக்கொண்டு பார்க்க முடியவில்லை. அவர் தாமாகக் கேமராவிடம் வந்தார். ஆயாவிடம் கேமரா போனது.

ஆர்சன் வெல்ஸின் 'சிட்டிசன் கேன்' 1941-இல் வந்தது. சாகும் மனிதரின் உதடுகள் திரையை நிறைத்து ஒரே ஒரு சொல்லைச் சொல்கின்றன. படம் முழுவதும் அந்தச் சொல்லின் பொருளைத் தேடுவதுதான் கதை. ஆகவே சொல் பிறக்கும் இடத்தைக் காட்டுவதற்கு அங்கே காரணம் இருக்கிறது. அதுவும் சில நொடிகளே. 1968-இல் வந்த '2001: எ ஸ்பேஸ் ஒடிசி'யில் இரண்டு விண்வெளி வீரர்கள் கணினிக்குக் கேட்காத இடத்தில் அமர்ந்து பேசுகிறார்கள். ஒலியே இல்லை. அவர்களுடைய வாய்கள் மட்டும் மாறி மாறி வருகின்றன. கணினி உதட்டைப் படிக்கிறது என்று நமக்குப் புரிகிறது. வாயை மட்டும் பார்க்கிற பார்வை அங்கே ஒட்டுக்கேட்கிற எந்திரத்தின் பார்வை.

நான் அதிகநேரம் யோசித்தது சாமுவேல் பெக்கெட்டின் 'நாட் ஐ' பற்றி. 1972-இல் நியூயார்க்கில் முதலில் மேடையேறிய குறுநாடகம். இருட்டு மேடையில் உயரத்தில் ஒரு பெண்ணின் வாய் மட்டும் வெளிச்சத்தில் இருக்கும். அது மூச்சுவிடாமல் பேசும். வாழ்நாளெல்லாம் ஏறக்குறைய பேசாமலே இருந்த ஒரு பெண்ணிடமிருந்து பேச்சு உடைத்துக்கொண்டு வருகிறது. மேடையில் அந்த வாய் தூரத்தில் ஒரு பொட்டு. பில்லி வைட்லா நடித்ததை பிபிசி படமாக்கியபோது அதே வாய் திரை முழுவதையும் எடுத்துக்கொண்டது. பேச்சு ஒன்றே, வாயும் ஒன்றே; அளவு மாறியதும் நமக்குள் நடப்பதே மாறிவிடுகிறது. பேசாதிருந்த பெண்ணின் வாய் என்பதால் என் ஆயாவின் வாய்க்கும் அது பொருந்தும் என்று முதலில் வாதிட்டுப் பார்த்தேன். பொருந்தாது. வைட்லா எழுதிக்கொடுத்த சொற்களைப் பயின்று, தலையை அசைக்க முடியாத நிலையை ஏற்று நடித்தவர். ஆயாவின் தலையைச் சுவரோடு நிறுத்தியது நான்.

ஆயாவின் வீட்டில்

அடுத்த ஞாயிறு காலை, பசியாறும் நேரம் தாண்டிப் போனேன். மூலப்பதிவை அவருக்குப் போட்டுக் காட்டி மன்னிப்புக் கேட்டேன். அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "லாரி ஓடினால் யாருக்குக் கேட்கும்?" என்றார். ஒலியை மாற்றி ஒட்டியதையும், "நான் சொன்னதைத்தானே போட்டாய், நேற்றுச் சொன்னால் என்ன, இன்று சொன்னால் என்ன" என்று விட்டுவிட்டார்.

பிறகு வெற்றிலை உரலை முன்னால் இழுத்து இடித்துக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "கண்ணைப் பார்க்காமல் வாயை மட்டும் ஊரே சுற்றி நின்று பார்ப்பது எப்போது, ஐயா? வாய்க்கரிசி போடும்போதுதான். என் வாய்க்கரிசியை நானே உட்கார்ந்து பார்த்தேன்."

மண்டபத்தில் பெண்கள் ஏன் தலை குனிந்தார்கள் என்பது எனக்கு அந்த நிமிடம் விளங்கியது. கண் மூடிய முகத்தில் எல்லாருடைய பார்வையும் வாயில் போய் நிற்கும் அந்தச் சடங்கைப் பார்த்தறியாத தமிழ்க் குடும்பம் ஏது? சிறுவர்கள் சிகரெட் பெட்டியைப் பார்த்தார்கள், பெரியவர் சொல்லாத சொற்களைப் பார்த்தார், வயதான பெண்கள் இதைப் பார்த்தார்கள். நான் வரலாற்றைக் காட்டுவதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

கண் தெரியும்போது பார்க்கப்படுகிறவரும் நம்மைப் பார்க்கிறார். நாம் உற்றுப் பார்த்தால் அவர் முறைக்கலாம், கூசலாம், சிரிக்கலாம். வாய்க்கு அந்த வலிமை இல்லை. வாயை மட்டும் வெட்டி எடுத்துத் திரையில் போடும்போது, பேசும் உறுப்பையே காட்டினாலும், பதில் பார்வை பார்க்கும் உரிமையை அவரிடமிருந்து எடுத்துவிடுகிறோம். ஒரு நடிகைக்கு அது தொழிலின் பகுதி. தம் கதையைச் சொல்ல உட்கார்ந்தவருக்கு அப்படியில்லை.

அந்தக் காட்சியை எடுத்துவிடுவதாகச் சொன்னேன். ஆயா உரலை நிறுத்தினார். "எடுத்துவிடாதே. நான் பார்க்கிறது தெரிய வேண்டும், அவ்வளவுதான். வெற்றிலை போடும்போது எடு. கையும் தெரியட்டும்."

மறு வெட்டு

புதிய காட்சியை வாசல் திண்ணையில், பகல் வெளிச்சத்தில் எடுத்தேன். விளக்கு இல்லை, தலையணை இல்லை. திறப்பு 8. சட்டகம் புருவத்திலிருந்து முகவாய் வரை. ஆயா கேமராவை நேராகப் பார்க்கிறார். மடித்த வெற்றிலையோடு கை உள்ளே வருகிறது, சுண்ணாம்பு தொட்ட விரல்நுனி தெரிகிறது, வெற்றிலை வாய்க்குள் போகிறது. அதக்கிக்கொண்டு பேசத் தொடங்குகிறார். அதன்பிறகுதான் படம் மெல்ல வாயை நெருங்குகிறது. வாய் மட்டும் தெரிவது நான்கு வினாடி, பிறகு மறுபடியும் கண். ஒலி அதே நேரத்தில், அதே இடத்தில் பதிவானது. தூரத்தில் சேவல் ஒன்று கூவுவதும் கேட்கிறது, விட்டுவிட்டேன். ஊகாரத்தில் உதடு சற்று மங்குகிறது. அதையும் விட்டுவிட்டேன்.

திரையிடுவதற்கு முன் பெரியவரை என் வீட்டுக்கு அழைத்து வந்தேன். எழுத்தோட்டத்தைப் போடாமல், ஒலியையும் அணைத்துவிட்டு, படத்தை மட்டும் ஓட்டினேன். அவர் மேசையோரத்தில் விரலை வைத்துக்கொண்டு, உதடு ஒட்டும் இடத்திலெல்லாம் தட்டினார். மங்கு, ஒன்று. பால், இரண்டு. நிரம்பி, மூன்று. போட்டு, நான்கு. என் கையில் இருந்த தாளிலும் நான்குதான்.

பிறகு ஐந்தாவதாக ஒரு தட்டு தட்டினார். அங்கே எந்தச் சொல்லும் இல்லை. பேச்சு முடிந்து போயிருந்தது. பின்னோக்கி ஓட்டி, நிறுத்தி, எங்கே என்று கேட்டேன். அவர் திரைக்கு அருகில் போய் உதட்டோரத்தை விரலால் காட்டினார்.

"பேசவில்லை தம்பி. சாறு வழியாமல் வெற்றிலையை அடக்குகிறார்."